குழலை வெட்டினால் ஏழாண்டு: ஜவ்வாது மலையின் நாட்டுத் துப்பாக்கிகள்

உரிமம் இல்லாத துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்பது ஜவ்வாது மலையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அதன் குழலை வெட்டிக் குறுக்குவதும், பட்டறையில் கொடுத்துப் பழுது பார்ப்பதும் அதைவிடப் பெரிய குற்றங்கள் என்பது பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது. முதல் குற்றத்துக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுச் சிறை. மற்றவற்றுக்குக் குறைந்தது ஏழு ஆண்டு. ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை 2019இல் திருத்தியபோது வந்த கடுமை இது.

திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையில், புதூர்நாடு தொடங்கி ஜமுனாமரத்தூர் வரை வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை விதைத்த கொல்லையில் ஒரே இரவு காட்டுப்பன்றி இறங்கினால் போதும், ஒரு பருவத்து உழைப்பு விடிவதற்குள் போய்விடும். அதற்குக் காவலாகத்தான் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி பல வீடுகளுக்கு வந்தது. குழலின் வாய் வழியே கருமருந்தும் ரவையும் போட்டுக் கெட்டித்துச் சுடுவது. தாத்தா வைத்திருந்தார், அப்பா வைத்திருந்தார், இப்போது பேரனிடம் இருக்கிறது.

இத்தனை காலம் ஓடியதில் அது பழைய துப்பாக்கியாகவே இருப்பதில்லை. துருப்பிடித்த குழலுக்குப் பதில் இரும்புக் குழாய் ஏறுகிறது. துணிக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்காக நீளம் குறைக்கப்படுகிறது. கடையில் வாங்கிய ஏர்கன்னைக் கருமருந்தில் சுடும்படி மாற்றுபவர்களும் உண்டு. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதையும் மாற்றுவதையும் பழுது பார்ப்பதையும் சட்டத்தின் 5ஆம் பிரிவு தடுக்கிறது. குழலைக் குறுக்குவதை 6ஆம் பிரிவு. ஒரு ஸ்பிரிங் போட்டுக் கொடுத்த கொல்லரும் இதில் மாட்டுவார். தெரிந்தவர் கேட்டாரே என்று செய்து கொடுத்தேன் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

நகரத்தில் பழைய ரிவால்வர் சேகரிப்பவர்களுக்கும் இதே சட்டம்தான். கைப்பிடிக் கட்டையில் வேலைப்பாடு செய்வதோடு ஆசை நின்றால் சரி. குழலை வெட்டுவதும், பொறித்திருக்கும் எண்ணை அழிப்பதும் குற்றம். பழம்பொருள் என்று சொல்லியும் எளிதில் தப்ப முடியாது. பழுது பார்த்தாலும் சுடவே முடியாது என்ற நிலையில் உள்ள பழைய ஆயுதத்துக்குத்தான் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. பரணில் துருவேறிக் கிடப்பது மட்டும் போதாது.

சட்டத்தை விடுங்கள், உயிர் இருக்கிறதே. தண்ணீர்க் குழாய் வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. பற்றவைத்த இடத்தில் பிளந்தால், குழலைத் தாங்கிய கை விரல்களும் கன்னத்தோடு ஒட்டிக் குறிபார்த்த கண்ணும் போகும். ஈரம் பட்ட மருந்து உடனே பற்றாமல் சில நொடி தாமதித்து வெடிக்கும். சுடவில்லையே என்று குழலைத் திருப்பிப் பார்ப்பவர் அந்த நொடியில் சாகிறார். காயம்பட்டவரை வழக்குக்குப் பயந்து வீட்டில் வைத்துப் பச்சிலை கட்டாதீர்கள். தயவுசெய்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குடகு மலையில் உரிமமே வேண்டாமாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த விலக்கு கொடவ இனத்தவருக்கும் அங்கு ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் தனியாகத் தரப்பட்டது, ஜவ்வாதுக்குப் பொருந்தாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் பழங்குடியினரின் மரபுரிமைகளில் வேட்டையை மட்டும் வெளிப்படையாக ஒதுக்கிவிட்டது.

ஆனால் மலைக்காரருக்கு இதே ஆயுதச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. யாரும் மலையேறி வந்து சொல்லாத கதவு. உண்மையான பயிர்க் காவலுக்கு, வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம் என்கிறது 13ஆம் பிரிவு. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், மேல்முறையீடும் உண்டு. வாய்மொழியாக ‘இல்லை’ என்று சொன்னால் நம்பித் திரும்பிவிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். அதே சமயம், அந்த உரிமம் வேட்டைக்கான அனுமதி அல்ல. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு எடுத்த முடிவும் வனத்துறையினருக்கே பொருந்தும்.

இப்போது வீட்டில் இருக்கும் உரிமமில்லாத் துப்பாக்கியை என்ன செய்வது? இந்த மலை மாவட்டங்களின் காவல்துறை, தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அவ்வப்போது அறிவிக்கிறது. அந்த வாய்ப்பை விடாதீர்கள். சட்டத்தில் நிரந்தர மன்னிப்பு ஏதும் இல்லை என்பதால் அறிவிப்பு வந்ததும் ஊர்ப் பெரியவரையோ ஊராட்சித் தலைவரையோ கூட்டிக்கொண்டு சென்று கொடுங்கள், ரசீது வாங்குங்கள். இரவோடு இரவாகக் காட்டில் வீசினால் அது ஆடு மேய்க்கும் பிள்ளையின் கையில் கிடைக்கும்.

வழக்கே வந்துவிட்டாலும் உரிமைகள் போய்விடுவதில்லை. உரிமமின்றி வைத்திருந்த குற்றத்துக்கு ஆட்சியரின் முன் அனுமதி இல்லாமல் வழக்கைத் தொடர முடியாது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வீட்டைச் சோதனையிடுவதை வீடியோவில் பதிய வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் விதி. பட்டியல் பழங்குடியினர் என்பதால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பன்றி மேய்ந்த கொல்லைக்கு இழப்பீடு கேட்பதற்கும் தாமதிக்க வேண்டாம். சேதத்தைச் சீர்செய்யும் முன்பே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.