மைக் பஞ்சு உதிர்கிறதா?

ஹெட்செட் மைக்கின் நுனியில் உள்ள கறுப்புப் பஞ்சு ஏன் பிசுபிசுக்கிறது என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். இது பாலியூரிதேன் என்னும் பிளாஸ்டிக் நுரை. காற்றின் ஈரம், வெப்பம், வெளிச்சம் இவற்றால் சில ஆண்டுகளில் பிசுபிசுக்கும் அல்லது தூளாக உதிரும். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்தாலும் இப்படி ஆகலாம். தூள் மைக்கின் துளையை அடைத்தால் குரல் மங்கும். உள்ளேயுள்ள மெல்லிய சவ்வில் ஒட்டினால் மைக்கே வீணாகலாம்.

பல நாட்கள் மைக் தேவையில்லை என்றால் நான் பஞ்சைக் கழற்றித் தனிக் கவரில் வைப்பேன். மைக்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் டப்பாவில் மூடி வைப்பேன். உதிரத் தொடங்கிய பஞ்சைக் கழுவிப் பயனில்லை, புதியது மாற்றுங்கள். மைக்கைக் கவிழ்த்துப் பிடித்து, மென்மையான பிரஷ்ஷால் தூளைத் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், தூள் உள்ளே போய்விடும்.