செத்த திமிங்கலத்தை இழுத்து வருவானேன்?

இண்டூர்ப் பக்கம் மாடு செத்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வது கால்நடை மருத்துவனின் வேலை. நேற்றுச் செத்த மாடென்றால் பாதி சங்கதி போயிருக்கும். வயிறு உப்பி, ஈரலைத் தூக்கினால் விரலிடுக்கில் வழியும்.

திமிங்கலம் இன்னும் மோசம். தோலுக்கடியில் இருக்கும் தடித்த கொழுப்பு உடல் சூட்டை வெளியே விடாது. சுற்றிலும் குளிர்ந்த நீர் இருந்தாலும் தன் சூட்டிலேயே உள்ளே அழுகும், வாயு சேரும். 2004 ஜனவரியில் தைவானின் தைனான் நகரில், ஆய்வுக்காக லாரியில் ஏற்றிப் போன ஸ்பெர்ம் திமிங்கலம் நடுத்தெருவில் வெடித்துக் குடல் சிதறியது.

நம் கரையில் திமிங்கலங்கள் தாமாக ஒதுங்குவதும் உண்டு. 1973 ஜனவரியில் மணப்பாட்டை ஒட்டி 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே பக்கம் மறுபடியும் கூட்டமாக வந்ததில் நாற்பதுக்கு மேல் செத்தன. உயிரோடிருந்தவற்றை மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்து விட்டார்கள். சில கரைக்கே திரும்பின. அங்கே மணலில் நின்று அறுக்கலாம். நடுக்கடலில் மிதக்கும் பிணத்தை?

வாலில் கயிறு கட்டி இழுக்க வேண்டியதுதான். விரிந்த வால் துடுப்பு சுருக்கை நழுவ விடாது. கட்டுமுன் நாலா பக்கமும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் நாம் கட்டிய கயிற்றின் தடத்தை மீன்பிடிக் கயிற்றின் தடமென்று மயங்குவோம்.

2017-இல் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாப் பக்கம் 12 வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்கள் செத்தன. உலகில் மிஞ்சியிருந்ததே ஐந்நூறுக்கும் குறைவு. ஜூன் இறுதியில் மூன்று உடல்களைப் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கு இழுத்து வந்தார்கள். அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் பியர்-ஈவ் தவுஸ்ட் குழு அறுத்துப் பார்த்தது. இரண்டில் கப்பல் மோதினால் ஏற்படுவது போன்ற பலத்த அடியின் அடையாளம்; ஒன்று மீன்பிடிக் கயிற்றில் சிக்கியது. லாரி மோதிய மாட்டிலும் நான் தேடுவது இதைத்தான்: அடிபட்ட இடத்துச் சதையில் ரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு பட்ட அடி. கட்டாவிட்டால் செத்தபின் பட்டது. கப்பல்காரர் தப்பிக்க அந்த ஒரு வித்தியாசம் போதும்.

அந்த ஆகஸ்டிலேயே கனடா அந்த வளைகுடாவில் 20 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களுக்கு 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர், என்று வேகத்தைக் கட்டுப்படுத்தியது. நம் பக்கத்திலும் இதே ஆபத்து உண்டு: இலங்கையின் தெற்கே நீலத் திமிங்கலங்கள் மேயும் இடத்தின் வழியாகவே கப்பல் பாதையும் போகிறது. 2022-இல் எம்.எஸ்.சி. என்ற கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது.