சதுரம் ஒரு செவ்வகமா?

இன்ஹெரிட்டன்ஸ்னாலே கல்லூரியில் விலங்கு, நாய், பூனைதான் உதாரணம். "இது அந்த வகையா?" ஆமென்றால் சப்கிளாஸ். தேர்வுக்கு இது போதும், வேலைக்குப் போதாது.

கணக்கில் சதுரமும் செவ்வகம்தான். சரி, செவ்வக கிளாஸில் அகலம், உயரம் இரண்டையும் தனித்தனியா மாற்றலாம்னு வைப்போம். ஒரு ஃபங்ஷன் அகலம் 5, பிறகு உயரம் 4 என்று வைத்து, பரப்பு 20 வரும்னு நம்புகிறது. அதனிடம் சதுரத்தைக் கொடுத்தால் உயரத்தோடு அகலமும் 4 ஆகிவிடும், பரப்பு 16. கம்பைலர் வாயே திறக்காது.

1987-ல் பார்பரா லிஸ்கோவ் முன்வைத்த விதியின் சாரம் இதுதான்: பேஸ் கிளாஸை நம்பி எழுதிய நிரல், சப்கிளாஸைக் கொடுத்தாலும் பிசகாமல் ஓடணும். அதனால் வகையைக் கேட்பதோடு நிற்காமல், "அதன் இடத்தில் அதைப்போலவே நடந்துகொள்ளுமா?" என்றும் கேளுங்கள். உருவாக்கிய பின் அளவை மாற்றவே முடியாதபடி எழுதினால், சதுரம் தாராளமா செவ்வகமாக இருக்கலாம்.