கண்ணும் கருத்தும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர்ப் பகுதியைச் சார்ந்தது காவாந்தண்டலம் என்னும் சிற்றூர். நாற்று நடும் காலத்தில் அவ்வூர்க் கழனிப் பக்கம் சென்றால், வரப்போரத்து நீரில் கொக்கு ஒன்று அசையாது நிற்பதைக் காணலாம். சிறு மீன்கள் அதன் காலடியில் ஓடும்; அது பொருட்படுத்தாது. உறங்குகின்றதோ என்று நாம் ஐயுறும் வேளையில் அதன் அலகு நீரினுள் பாயும். மறுநொடியில் மீன் அலகில் துடிக்கும். முந்தினால் குறி தப்பும். பிந்தினால் மீன் தப்பும். விரைவு, செம்மை ஆகிய இரண்டையும் ஒருங்கே பேணுவது எங்ஙனம் என்பதே அப்பறவை நாள்தோறும் எதிர்ப்படும் வினா. நம் கண்ணும் அவ்வினாவையே நொடிதோறும் எதிர்ப்படுகின்றது.

முன்னுள்ள காட்சி முழுவதையும் ஒரே தெளிவுடன் காண்பதாக நாம் எண்ணுகின்றோம். அஃது உண்மையன்று. விழித்திரையின் நடுவில் சிறு பள்ளம் ஒன்று உண்டு. நுண்ணிய பார்வை அதற்கே உரியது. மாணவர்களே! கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள். அந்நகத்தின் அகலமே நாம் ஒரு நேரத்தில் மிகத் தெளிவாகக் காணும் பரப்பு. ஏனைய பரப்பெல்லாம் சற்று மங்கலே. ஆதலால் கண் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குத் தாவிக்கொண்டே இருக்கின்றது. ஒரு நொடியில் மூன்று நான்கு முறை தாவுகின்றது.

நூல் படிக்கும்போதும் இதுவே நிகழ்கின்றது. 1879-ஆம் ஆண்டளவில் பாரிசு நகரத்தில் ஜாவல் என்னும் கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் இவ்வுண்மை கண்டறியப்பட்டது. கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை. தவளைபோலத் தாவித் தாவி, இடையிடையே தங்கிச் செல்கின்றது. தாவும் நேரம் ஏறத்தாழ நொடியின் முப்பதில் ஒரு பங்கு; தங்கும் நேரம் ஏறத்தாழக் கால் நொடி. தங்கும்போதே எழுத்து நமக்குப் புலனாகும். கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி நோக்குங்கள். கண் அசைவதை நீங்கள் காணமாட்டீர்கள். அருகில் நிற்கும் தோழன் காண்பான்.

எங்கே தாவுவது என்று முடிவு செய்வது மூளை. ஓரத்தில் ஒரு விளக்குத் தோன்றினால், கண் அதனை நோக்கிப் புறப்பட நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகின்றது. நரம்பின் வழியே செய்தி சென்று மீள்வதற்கு அதிற் பாதியும் வேண்டுவதில்லை. எஞ்சிய நேரம், 'இதுவா, அதுவா? போவதா, நிற்பதா?' என்று மூளை ஆராயும் நேரம். அதனைச் சுருக்கினால் பிழை நேரும். அருகருகே இரு பொருள்கள் தோன்றும்போது கண் மிக விரைந்து புறப்படின், இரண்டிலும் சேராது இடைவெளியில் சென்று விழும். சற்றுத் தாழ்த்துப் புறப்படின், வேண்டியதன்மேல் விழும்.

எனினும் கண் எப்போதும் தாழ்த்து நிற்பதில்லை. தொலைவில் உள்ளதை நோக்கித் தாவும்போது பெரும்பாலும் அது இலக்கிற்குச் சிறிது முன்னரே விழுகின்றது. உடனே சிறு தாவல் ஒன்றினால் அக்குறையைத் தீர்த்துக்கொள்கின்றது. திருத்திக்கொள்ள வழியுண்டாதலால் அது துணிந்து விரைகின்றது.

கைக்கும் இது பொருந்தும். 1899-இல் அமெரிக்க அறிஞர் உட்வொர்த்து கை அசைவுகளை ஆராய்ந்தார். கோடு இழுக்கும் கை விரைய விரையப் பிழை மிகுந்தது. மெல்லச் சென்றால் குறைந்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்தபோது, மெல்லச் செய்ததனால் பயன் விளையவில்லை. நோக்கித் திருத்துவதற்கே தாமதம் உதவும். நோக்காத தாமதம் வெறுஞ் சோம்பலே என்பது இதனால் விளங்கும்.

செம்மையோடு கூடிய விரைவு பயிற்சியால் வருவது. 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்து, இளமையிலேயே மின்னல்போலச் சதுரங்கம் ஆடுபவர் எனப் பெயர் பெற்றார். ஐந்து முறை உலக வாகை சூடினார். தேர்ந்த ஆட்டக்காரரின் கண், புதியவர் கண்ணைவிடக் குறைந்த இடங்களில் தங்கியே பலகையின் நிலையை உணர்கின்றது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பல்லாண்டு நோக்கிப் பழகியமையின் பயன் அது.

பழக்கமும் சிலவேளை ஏமாற்றும். யான் ஆசிரியனாக இருந்தபோது, ஒரு மாலையில் கட்டுரை ஏடுகளை விரைந்து திருத்திக்கொண்டிருந்தேன். பலரும் ழகர ளகரங்களை மயங்கி எழுதியிருந்தனர். ஓர் ஏட்டில், 'கழனியில் வாழை துள்ளியது' என்று கண்டேன். சிவப்பு மையால் அடித்தேன். மறுநாள், "வாழை துள்ளுமோ?" என்று கேட்டேன், வகுப்பே நகைத்தது. அம்மாணவன் தலை குனிந்தான். பள்ளி விட்டபின் ஏட்டை என்முன் விரித்து, வாய் திறவாது நின்றான். அவன் எழுதியிருந்தது 'வாளை' என்னும் மீனின் பெயரே. என் கண் அவ்வெழுத்தில் தங்கவில்லை. பிழையை எதிர்பார்த்திருந்த மனம் ஒரு பிழையைப் படைத்துக்கொண்டது. மதிப்பெண்ணைத் திருத்தினேன், மறுநாள் வகுப்பின் முன் என் தவற்றையும் ஒப்புக்கொண்டேன். எனினும் முதல்நாள் நகைப்பை மீட்டுக்கொள்ள இயலவில்லை.

மதுரையில் பாண்டியன் நெடுஞ்செழியன் செய்ததும் இத்தகையதே. பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட அளவில், கோவலன் கையிலிருந்த சிலம்பைத் தன் கண்ணால் நோக்காமலே அவன் ஆணையிட்டான். பின்னர்க் கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது உண்மையைக் கண்டான், உயிர் துறந்தான். போன உயிரை மீட்க அவ்வுயிராலும் இயலவில்லை.

விரைய வேண்டிய வினையும் உண்டு. தாழ்க்க வேண்டிய வினையும் உண்டு. இரண்டையும் வள்ளுவர் 'வினைசெயல்வகை' என்னும் அதிகாரத்தில் பிரித்துக் காட்டியுள்ளார். எதனை எவ்வாறு செய்வது என்று ஐயம் எழுந்தால், நம் கண்ணையே கேட்போம். திருத்திக்கொள்ளக் கூடியதாயின் துணிந்து தாவலாம். திருத்த இயலாததாயின் கால் நொடியேனும் கூடுதலாகத் தங்கி நோக்க வேண்டும். பிறரைக் குற்றம் சாட்டுமுன் அக்கால் நொடி தங்குவது நம் கடமையன்றோ?