பட்டாசு ஆலை விபத்து: ‘உராய்வே காரணம்’ என்பதோடு செய்தி முடிந்துவிடுமா? இளம் நிருபர்களுக்கு வழிகாட்டி ஏன் தேவை?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை... இந்த ஊர்களில் ஒன்றின் பெயர் டிவி ஸ்க்ரோலிங்கில் ஓடினாலே, ‘மறுபடியும் வெடி விபத்தா?’ என்றுதான் பலரும் கேட்கிறோம். அடுத்த சில நிமிடங்களில் புகை மண்டல வீடியோவும் வந்துவிடும்.

அந்த வீடியோவை எடுத்து அனுப்புபவர் பெரும்பாலும் உள்ளூர் நிருபர். பல நேரங்களில் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருஷமே ஆன இளைஞர். கையில் செல்போன், ஓட்டிப்போக ஒரு பைக். எங்கே நிற்கணும், யாரிடம் என்ன கேட்கணும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறதா? சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் இதில் உயிரும் அடங்கியிருக்கிறது.

முதலிப்பட்டி சொன்ன பாடம்

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்றில் தீப்பிடித்தது. சத்தம் கேட்டு, உதவி செய்யவும் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் திரண்டார்கள். அதன்பிறகு நடந்த பெரிய வெடிப்பில் அவர்களில் பலர் சிக்கினர். மொத்தம் சுமார் 40 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்களே அல்ல.

முதல் சத்தத்தோடு எல்லாம் முடிந்துவிடாது என்பது இந்தப் பகுதியில் பல வருஷம் வேலை பார்த்த நிருபருக்குத் தெரியும். மருந்து கலக்கும் அறை எது, சரக்கு அடுக்கிய குடோன் எது என்று தெரியாமல் ‘இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் எடு’ என்று டெஸ்க்கில் இருந்து சொன்னால், புதியவர் போய்விடுவார். ‘தீயணைப்புத் துறை சொல்லும் வரைக்கும் உள்ளே போகாதே தம்பி’ என்று தடுக்க ஒரு சீனியர் வேண்டும்.

‘உராய்வு’க்குப் பிறகு என்ன கேட்கணும்?

பெரும்பாலான விபத்துச் செய்திகள் ‘உராய்வு காரணமாக’ என்ற வார்த்தையில் முடிந்துவிடும். உராய்வு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அனுபவசாலிகள் அதற்குப் பிறகும் சில கேள்விகள் கேட்பார்கள்:

* லைசென்ஸ் யார் கொடுத்தது? மாவட்ட வருவாய் அலுவலரா, ‘பெசோ’ எனப்படும் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பா? உள்ளூரில் ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’, ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்று பிரித்துச் சொல்வார்கள். எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம், என்ன ரகம் தயாரிக்கலாம் என்பது லைசென்ஸைப் பொறுத்து மாறும்.
* உரிமம் வாங்கியவரே ஆலையை நடத்தினாரா, உள்குத்தகைக்கு விட்டிருந்தாரா? 2021 பிப்ரவரி 12-ல் அச்சன்குளம் விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது இந்தக் கேள்விதான் பெரிதாக எழுந்தது.
* அறைக்குள் அனுமதித்த எண்ணிக்கையை விட அதிகம் பேர் இருந்தார்களா?
* தடை செய்யப்பட்ட ரசாயனம் ஏதும் பயன்படுத்தப்பட்டதா? பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

இதெல்லாம் தெரிந்தால்தான் அதிகாரி பேட்டி கொடுக்கும்போது குறுக்குக் கேள்வி கேட்க முடியும்.

தப்பானால் யாருக்கு நஷ்டம்?

முதலில், தொழிலாளியின் குடும்பத்துக்கு. அதிகாரிகள் உறுதி செய்வதற்கு முன்பே பெயர் வெளியானால், வீட்டுக்காரர் இறந்ததை மனைவி செல்போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரும். உயிரோடு இருப்பவர் பெயர் பட்டியலில் வந்துவிட்டால் இன்னும் கொடுமை.

நிருபருக்கும் சிக்கல் உண்டு. அவர் குடியிருப்பதும் அதே ஊர். சொந்தக்காரர்கள் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களாக இருக்கலாம். ஆலை உரிமையாளர் தெரிந்தவராகவும் இருக்கலாம். பல தாலுகா நிருபர்களுக்கு மாதச் சம்பளமும் கிடையாது. ‘ஆதாரம் இருந்தால் எழுது, நான் பாத்துக்கிறேன்’ என்று சொல்ல ஒருவர் இல்லாவிட்டால், எழுத வேண்டியதை விட்டுவிடுவதுதான் நடக்கும்.

சரி, எங்கே கற்றுக்கொள்வது?

சென்னையில் இதழியல் கல்லூரிகள் இருக்கின்றன. விகடன் குழுமம் பல ஆண்டுகளாக மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தை நடத்துகிறது. ஆனால் சாத்தூரில் வேலை பார்க்கும் இளைஞர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சென்னைக்குப் போக முடியாது. பயிற்சி அவரிடம் வர வேண்டும்.

அதற்கு முன்மாதிரிகள் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002-ல் தொடங்கிய ‘கபர் லஹரியா’, கிராமத்துப் பெண்களுக்கு அவர்கள் ஊரிலேயே பயிற்சி கொடுத்து நிருபர்களாக்கியது. அவர்களைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2022 ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை போனது. பக்கத்திலேயே பார்த்தால், மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் பழனி குமார். தூய்மைப் பணியாளர்கள் படும் பாட்டைப் படமெடுத்தவர். உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களே பதிவு செய்யச் சொல்லித் தருகிறார்.

விருதுநகர் மாவட்டத்துக்கு இதைக் கொண்டுவர பெரிய செலவு ஆகாது. விபத்து இல்லாத சாதாரண நாளில் புதியவரை ஆலைப் பகுதிக்கு அழைத்துப்போய், எந்த அறையில் என்ன வேலை நடக்கிறது என்று காட்டலாம். ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் சீனியர் ஒருவர் பத்து நிமிஷம் போனில் பேசி, எது விட்டுப்போச்சு என்று சொல்லலாம். விபத்து நடந்த மூன்றாவது மாதம், வழக்கு என்ன ஆச்சு, நிவாரணம் கிடைத்ததா என்று விசாரிக்கப் பழக்கலாம்.

அப்படி ஒரு நிருபர் உருவானால், அடுத்த செய்தி ‘உராய்வே காரணம்’ என்ற இடத்தில் நிற்காது. அந்த அறையில் அத்தனை பேரை உட்கார வைத்தது யார் என்றும் கேட்கும்.