கவனக்குறைபாட்டுக்கு மாத்திரை: யாருக்கு, எவ்வாறு?

“பிள்ளை ஓரிடத்தில் உட்காருவதில்லை, மாத்திரை கொடுங்கள்” என்று கேட்டு வரும் பெற்றோர் உண்டு. “மாத்திரை தொடங்கினால் அடிமையாகிவிடுவான்” என்று அஞ்சிப் பாதியில் நிறுத்துவோரும் உண்டு. இருசாராருக்கும் நாங்கள் கூற விரும்புவது ஒன்றே: உரிய பிள்ளைக்கு, உரிய அளவில், கண்காணிப்புடன் தரும்போதே இம்மருந்து நன்மை பயக்கும்.

யாருக்குத் தேவை?

துறுதுறுப்பெல்லாம் நோயன்று. கவனமின்மை, மிகைத்துடிப்பு, யோசியாமல் செயல்படுதல் ஆகியவை 12 வயதுக்கு முன்பே தோன்றி, 6 மாதங்களுக்கு மேல் நீடித்து, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்க்கையைக் குலைத்தால் மட்டுமே இக்கோளாறு எனக் கொள்கிறோம். இதனை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. ஆகவே பெற்றோர், ஆசிரியர் ஆகியோர் கூறும் விவரங்கள் இன்றியமையாதவை. பார்வை, செவித்திறன், இரத்தசோகை, கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் பரிசீலிப்போம். நெட்டுக்குப்பம் போன்ற கடலோரக் குப்பங்களில் விடியுமுன்பே வீடு விழித்துக்கொள்வதால், பிள்ளையின் உறக்க நேரத்தையும் கேட்டறிவோம். தூக்கம் குறைந்த பிள்ளைக்கும் கவனம் சிதறும். 6 வயதுக்கு உட்பட்டோருக்கு, பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே முதல் சிகிச்சை.

மருந்து என்ன செய்கிறது?

பெரும்பாலும் தரப்படுவது மெத்தில்பெனிடேட். இது மூளையின் முன்பகுதியில் டோபமின், நார்அட்ரினலின் ஆகியவற்றின் செயல்பாட்டைக் கூட்டுகிறது. மனத்தைக் கட்டுக்குள் வைக்கும் திறன் அதனால் வலுப்பெறுகிறது. இது தூக்க மாத்திரையன்று. பிள்ளை பொம்மைபோல் அடங்கிவிட்டால் அளவு மிகையாக இருக்கலாம்; உடனே தெரிவியுங்கள். மாத்திரை பாடம் கற்பிக்காது. பாடத்தில் மனம் நிற்க உதவும்.

பரிந்துரைத்த அளவில் வாய்வழி உட்கொள்ளும் பிள்ளைகள் அடிமையாவது அரிது. எனினும் பிறர் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்பதால், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும், மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் இது கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. மருந்துச்சீட்டு இரு படிகளாக வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் வைத்திருப்பார். எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. எனவே, தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாருங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• பசி குறையலாம். காலை உணவுக்குப் பின் மாத்திரை தருக. மாலையில் தந்தால் உறக்கம் கெடும்.
• தந்தை கடலுக்கும் தாய் மீன் விற்பனைக்கும் செல்லும் வீடுகளில், மாத்திரை தரும் பொறுப்பைப் பெரியவர் ஒருவரிடமே ஒப்படையுங்கள். தந்தவுடன் நாட்காட்டியில் குறியிட்டால் இருமுறை தர நேராது.
• விட்டுப்போன மாத்திரைக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகத் தர வேண்டாம்.
• நீண்ட நேரம் செயல்படும் மாத்திரையை நசுக்கவோ மெல்லவோ கூடாது.
• பூட்டி வையுங்கள். உடன்பிறந்தாருக்கோ அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ தராதீர்கள்.
• அளவைக் கூட்டுவதும், குறைப்பதும், விடுமுறையில் நிறுத்துவதும் மருத்துவரைக் கேட்டே.

குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, பிள்ளைக்கு இதயக் கோளாறு இருந்தாலோ முன்கூட்டியே கூறுங்கள். ஒவ்வொரு வருகையிலும் உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை அளப்போம். மருந்து தொடர வேண்டுமா என ஆண்டுதோறும் ஆராய்வோம். இம்மருந்து ஒவ்வாத பிள்ளைகளுக்கு அட்டமாக்ஸிடின் போன்ற மாற்று மருந்துகளும் உள்ளன.

நெஞ்சுவலி, மயக்கம், இல்லாததைக் காணுதல் அல்லது கேட்டல், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகியவற்றில் எது தோன்றினும் அடுத்த மாத்திரையைத் தராமல், காலம் தாழ்த்தாது பிள்ளையை மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.