பனிக்காலத்துக்கு ஏன் சின்ன ரிம்?

ஜெர்மனியில மாஸ்டர்ஸ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்து, ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் வாங்குறீங்கன்னு வச்சுக்குவோம். 18 இன்ச் அலாய் வீல், பார்க்கவே கெத்தா இருக்கும். அக்டோபர் வந்ததும் ஆபீஸ்ல ஒருத்தர் "டயர் மாத்தியாச்சா?"ன்னு கேட்பார். நம்ம ஊர்ல தேஞ்சு போனாத்தான் டயர் மாத்துவோம். அங்கே அது வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்கிற சடங்கு: அக்டோபரில் குளிர்கால டயர், ஈஸ்டருக்குப் பிறகு கோடை டயர்.

பனி கொட்டினால்தான் இது தேவைன்னு நினைக்காதீங்க. விஷயம் ரப்பரில் இருக்கு. மெட்டீரியல் சயின்ஸில் கிளாஸ் டிரான்சிஷன்னு படிச்சோமே, அதை நெருங்க நெருங்க பாலிமர் இறுகும். கோடை டயரின் கலவை சூட்டைத் தாங்கச் செய்தது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே அது விறைத்து, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் சரியாகப் படியாது, பிடிப்பு குறையும். குளிர்கால டயரின் கலவை அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். ட்ரெட் முழுக்க சைப் எனும் மெல்லிய கீறல்கள். பனியைக் கவ்வுவது அந்த விளிம்புகள்தான்.

இப்போ அளவு. 18 இன்ச்சில் இருப்பது 225/40 ஆர்18. அதாவது அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம். மொத்த விட்டம்: 18 × 25.4 + 2 × 90 = 637.2 மி.மீ. இதுக்குப் பதிலா 205/55 ஆர்16 போட்டால் 631.9 மி.மீ. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் குழம்பாது. லாபம் என்னன்னா, குறுகலான டயர் சேறான பனியைப் பிளந்துக்கிட்டு தரையைத் தொடும், அகல டயர் அதன் மேலே மிதக்கப் பார்க்கும். பக்கச்சுவர் உயரமா இருப்பதால், பனிக்கடியில் ஒளிஞ்சிருக்கும் குழியில் விழுந்தாலும் ரிம் தப்பிக்கும். விலையும் குறைவு. (காய்ந்த சாலையில் வளைவில் திருப்பும்போது 18 இன்ச்தான் ராஜா, அதை மறுக்கலை.)

ஆனா எல்லா காருக்கும் 16 பொருந்தாது. சக்தி கூடிய மாடல்களில் பிரேக் பெருசு, காலிப்பர் ரிம்மில் இடிக்கும். வண்டியின் பேப்பரில் அனுமதித்த அளவுகளைப் பார்த்துட்டு வாங்குங்க.

பழைய டயர் மலிவா கிடைக்குதுன்னு தூக்கிடாதீங்க. பக்கச்சுவரில் மூணு சிகர மலைக்குள்ள பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கணும். வெறும் 'எம்+எஸ்' போட்ட டயர் 2024 அக்டோபர் முதல் அங்கே குளிர்கால டயராகக் கணக்கில் வராது. பனிச்சாலையில் சரியான டயர் இல்லாமல் மாட்டினால் 60 யூரோ அபராதம், கூடவே லைசென்ஸில் ஒரு புள்ளி. 3522ன்னு நாலு இலக்கம் தெரிஞ்சால், 2022ஆம் ஆண்டு 35ஆவது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். சட்டப்படி ட்ரெட் ஆழம் 1.6 மி.மீ. போதும், பனிக்கு 4 மி.மீ.க்குக் குறைஞ்சா வேண்டாம்.

காசு மிச்சம் பிடிக்க முன்பக்கம் மட்டும் ரெண்டு போடுறது பெரிய ஆபத்து. முன்சக்கரம் பிடிக்கும், பின்பக்கம் வளைவில் வழுக்கி வண்டியையே சுத்திவிடும். ஃபோர் வீல் டிரைவ் இருக்கேன்னு தைரியம் வேண்டாம். அது கிளம்ப உதவும், நிற்க உதவாது.

கடைசியா, காற்று. 20 டிகிரியில் 2.3 பார் அடிச்ச டயர், மைனஸ் 5 டிகிரி காலையில் சுமார் 2.0 பார்தான் காட்டும். ஐடியல் கேஸ் விதியில் போட்டுப் பாருங்க, வளிமண்டல அழுத்தம் 1 பார் கூட்டிக்க மறக்காதீங்க. மாசம் ஒரு முறை, வண்டி எடுக்கும் முன்னாடி, டயர் குளிர்ந்திருக்கும்போதே செக் பண்ணிடுங்க.